விளக்கை நீயே கொளுத்து

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் உன் மனைவி காயத்ரி உன்னைப் பசியில் விட்டுவைக்கிறவள் இல்லை. நானும் நலம்தான். கோபம் வந்தால் எனக்கு முழங்கால் வலி தெரிவதில்லை என்பதை இந்தக் கிழமைதான் கண்டுபிடித்தேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் நாடக மாஸ்டரைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைச் சஞ்சிகையில் சனமெல்லாம் வாசித்தது. அதில் நானும் ஒரு வரியில் வருகிறேன், ஒத்திகைக்கு வந்தவர்களுக்குத் தேநீரும் உணவும் தந்து உபசரித்தவள் என்று. ஆகவே என் பதிலும் அதே சஞ்சிகையில், அதே சனம் வாசிக்க வரட்டும்.

மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் மியூனிக்கில் நாடகத்துறை படிப்பிக்கிறான். வருகிற மாதம் ஹம் நகரத்தில், நாங்கள் முன்பு போட்ட "இன்னும் திறக்கேல்லை" என்ற நாடகத்தைத் திரும்பவும் மேடையேற்றுகிறான். அதற்கான நோட்டீஸ் போன கிழமை எனக்கு வந்தது. நல்ல தடித்த கடதாசி, அழகான எழுத்து. எழுத்தும் நெறியாள்கையும் காலஞ்சென்ற மாஸ்டர் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே நிகழ்ச்சி நிரல். அதில் முதலாவது, மங்கல விளக்கேற்றல். அங்கே என் பெயர். நாடகத்தை எழுதியவள் நான். என்னை விளக்குக் கொளுத்தக் கூப்பிட்டிருக்கிறாய்.

நான் தொலைபேசி எடுத்தபோது நீ சந்தோஷமாகத்தான் பேசினாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அம்மா, பார்த்தனீங்களோ? புருஷன் இல்லாத பொம்பிளையை மங்கல விளக்குக் கொளுத்த எங்கட ஆக்கள் ஒரு நாளும் கூப்பிடமாட்டினம். நான் அந்த வழமையை உடைக்கிறன்."

"தம்பி, நாடகம் எழுதினது ஆர்?"

நீ உன் மாணவர்களோடு பேசுகிற குரலில் சொன்னாய்: "அம்மா, அந்தக் காலத்து நோட்டீஸ் எல்லாத்திலையும் மாஸ்டர் எண்டுதானே இருக்கு. மிச்சமிருக்கிற தாள்களும் மாஸ்டரின்ர கையெழுத்து. நீங்கள் உதவி செய்தனீங்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஆதாரம் இல்லாமல் நான் பேரை மாத்த ஏலாது. நாளைக்கு மாஸ்டரின்ர பிள்ளையள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

ஆதாரம். பெற்ற பிள்ளை என்னிடம் ஆதாரம் கேட்டான். நான் போனை வைத்துவிட்டுப் போய், கழுவின சட்டிகளையே திரும்பவும் கழுவினேன்.

மாசி மாதம் நீ மியூனிக்கில் ஒரு பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டாய், நினைவிருக்கிறதா? நான் குளிருக்குள் ரயில் ஏறி வந்தேன். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஐரிஷ் பெண்ணைப் பற்றிப் பேசினாய். உன் ஜெர்மன் எனக்கு முழுதாக விளங்கியது. முதியோர் இல்லத்தில் அத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு ஜெர்மன் விளங்காமல் போகுமா? கிழவர் ஒருவரைக் கட்டி, நடுவயதில் கைம்பெண்ணாகி, பிறகு சாகும்வரை கறுப்பு உடுப்போடு இருந்தவள் என்றாய். அவளுடைய பெரிய வீட்டில் எழுத்தாளர்கள் கோடை முழுதும் தங்கிச் சாப்பிட்டு எழுதினார்களாம். அவள் குடிசை குடிசையாகப் போய்ச் சனத்தின் கதைகளைக் கேட்டாளாம். ஐம்பதை நெருங்கும்போது நாடகம் எழுதத் தொடங்கினாளாம். நாடக அரங்கு ஒன்றை உண்டாக்கி, அதற்காகப் பணக்காரர் வாசலில் நின்று, நடிகர்களின் சண்டை தீர்த்து, வந்த பிரதிகளை எல்லாம் வாசித்து, தானும் எழுதினாளாம். அவளுடைய நண்பர் பெரிய கவிஞர். ஆனால் குடியானவர் வீட்டு அடுப்படிப் பேச்சு அவருக்கு வராது. அந்தப் பேச்சை எழுதியவள் அவள். நாடகம் போனதோ அவருடைய பெயரில்.

அந்த இடத்தில் நீ மேசையில் தட்டினாய். "அவளை இவர்கள் தேநீர் ஊற்றிய பெண் என்று நினைவு வைத்திருந்தார்கள். வீட்டைப் பற்றி எழுதினார்கள், சாப்பாட்டைப் பற்றி எழுதினார்கள். அந்த மேசையில் அவளும் எழுதிக்கொண்டிருந்தாள் என்று எழுதவில்லை" என்றாய். சனம் கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன். முட்டாள் நான். நீ அந்த ஐரிஷ்காரியைச் சாட்டி என்னைப் பற்றித்தான் பேசுகிறாய் என்று நினைத்துவிட்டேன். நான் ஒரு சொல்லும் சொல்லாமலே பிள்ளை கண்டுபிடித்துவிட்டான், இந்த முறை நோட்டீஸில் என் பெயர் வரும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ரயிலில் எனக்குப் பசிக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுரை வந்தது, தேநீரும் உணவும் என்று. செத்துப்போன வெள்ளைக்காரிக்காக மேசையில் தட்டுகிற கை, தாய்க்காக ஒரு வரி எழுத வரவில்லை.

நான் அவளைப் போல் சீமாட்டி இல்லை. அவளுக்கு மாளிகை, எனக்குக் கெல்லர் என்கிற நிலவறை. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் முன்பு இருந்த பழைய வீடு அது, உனக்குத் தெரியும். நிலவறை முழுக்க நிலக்கரிக் கறுப்பு. நீ பள்ளிக்கூடம் தொடங்கிய வருடம் உன் அப்பா நெஞ்சுவலியில் போனார். அதற்கு அடுத்த கோடையில் நான் அந்த நிலவறைக்குத் தனியாக வெள்ளை அடித்தேன். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்க்க ஒரு இடம் இல்லை என்று கோயிலடியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் போய், "மாஸ்டர், எங்கட கெல்லர் சும்மாதான் கிடக்கு" என்றேன். அன்றிலிருந்து சனி ஞாயிறு எல்லாம் எங்கள் வீட்டில் நாடகம்தான். விசா முடிவு வரும்வரை மிருதங்கக்காரர் ஒருவர் அங்கேயே படுத்தெழும்பினார். மண்டபம் கேட்டுத் தேவாலயத்துப் போதகரிடம் நடந்தவள் நான். மேடைக்குத் திரை தைத்தவள் நான். வேலை முடிந்து வந்து பார்த்தால் அடுப்படியில் நாலு நடிகர்கள் கோபித்துக்கொண்டு நாலு மூலையில் நிற்பார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தவளும் நான். இதையெல்லாம் உபசரிப்பு என்று நீ எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அது உபசரிப்புத்தான், விருப்பத்தோடுதான் செய்தேன். ஆனால் நாடகம் உபசரிப்பு இல்லை.

அந்த நாடகம் எங்கே பிறந்தது தெரியுமா? விசாவுக்காக விடியமுன் வெளிநாட்டவர் அலுவலக வாசலில் நிற்போமே, அந்த வரிசையில். உன்னையும் போர்வையால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். கதவு திறக்க நேரம் இருக்கும். பின்னால் நிற்கிறவர் எட்டி எட்டிப் பார்த்துக் கேட்பார், முன்னால் நிற்கிறவர் திரும்பாமலே "இன்னும் திறக்கேல்லை" என்பார். அதற்குள் சம்பந்தம் பேசுவார்கள், சாதி விசாரிப்பார்கள், ஒருவருடைய அகதி வழக்கை மற்றவர் வாயாலேயே வென்று கொடுப்பார். நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து ஆள் ஆளாகப் பேசிக் காட்டுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "தங்கச்சி, இதை அப்பிடியே சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றார். நான் இடியப்பம் பிழிந்துகொண்டு சொன்னேன். அவர் மேசையில் இருந்து எழுதினார். ஒரு ஆள் முடிந்தால் அடுத்த ஆள். விசா கிடைத்த பிறகும் ஒவ்வொரு முறையும் வரிசைக்கு வருகிற அன்னம்மாக்கா என்ற கிழவியை நான் இடியப்ப உரலும் மாவுமாக நின்று உண்டாக்கினேன். என் கையில் மா. அதனால் தாளில் அவருடைய கையெழுத்து. நீ சொல்கிற ஆதாரம் அவ்வளவுதான்.

மாஸ்டர் நல்ல நெறியாளர். அதை நான் மறைக்கமாட்டேன். நடக்கத் தெரியாதவனையும் மேடையில் நடக்க வைப்பார். ஆனால் அவர் எழுதிய மற்ற நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அரசர்கள் செந்தமிழில் நீட்டி முழக்குவார்கள். "உதென்ன கதை கதைக்கிறியள்" என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்கிற வசனம் அவருக்கு வராது. அவரே அதைச் சொல்லியிருக்கிறார். நோட்டீஸ் அடிக்கிற நேரம் வந்தபோது அவர் கொஞ்சம் தயங்கித்தான் என்னிடம் பேசினார்.

"தங்கச்சி, உங்கட பேரைப் போட எனக்கு விருப்பம்தான். ஆனால் சனம் கதைக்கும். புருஷன் இல்லாத வீடு, ஆம்பிளையள் வந்து போகினம். நாடகமும் அவதான் எழுதினவ எண்டு போட்டால், பிறகு உங்களைத்தான் நாடகமாக்குவினம்."

அவர் சொன்னது உண்மை. சனம் கதைத்திருக்கும். நான் ஓம் என்றேன். இப்படியான கடிதங்களில் பெற்றோர் இந்த இடத்தில் நின்று, அது நான் செய்த பிழை என்று அழுவது வழக்கம். நான் அழப்போவதில்லை. நீ சின்னப் பிள்ளை, எனக்கு இந்த ஊரை விட்டால் வேறு சனம் இல்லை. அந்தக் கதவு எனக்கு அன்று பூட்டிக் கிடந்தது. இன்று அது திறந்துதான் இருக்கிறது. இன்றைக்கு யாரும் என்னைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். அதற்குப் பிறகும் அதே பெயரைப் போடுகிறவன் நீ. பழி உன்னுடையது.

முதல் மேடையேற்றம் அன்று நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்டதில்லை. மண்டபத்துக்குப் பின்னால் சமையலறையில். பரிமாறுகிற ஜன்னல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். "இன்னும் திறக்கேல்லை" என்று முதல் தடவை சொன்னபோது மண்டபமே சிரித்தது. எனக்கு வடை கருகியது. முடிவில் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பெண் தேவைப்பட்டது. சுமங்கலியாகப் பார்த்துப் பிடித்தார்கள், அதனால் அதற்கும் நான் இல்லை. இன்றுவரை ஹம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றால் யாராவது ஒருவர் "இன்னும் திறக்கேல்லை" என்று சொல்லாமல் விடமாட்டார். பக்கத்தில் நிற்பவர் சிரித்துவிட்டு, "மாஸ்டர் மாஸ்டர்தான்" என்பார். நான் வாழையிலைத் தட்டோடு அவர்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். என் வாயில் பிறந்த வசனம் என் முன்னாலேயே இன்னொருவர் பிள்ளையாக ஓடித்திரிவதைப் பார்ப்பது என்ன மாதிரி இருக்கும் என்று, பேராசிரியர் ஐயா, உன் ஐரிஷ்காரியிடம் கேட்டுப் பார்.

இனி காயத்ரியைப் பற்றி. நாடகப் பிரதியில் முதல் சில தாள்கள்தான் மிச்சம். மீதியைப் பழைய வீடியோவைப் போட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவள் உன் மனைவி. ஆய்வுகூடத்தில் வேலை முடித்து வந்து அதைச் செய்தாள். மதுரைப் பிள்ளைக்கு எங்கள் பேச்சு பாதி விளங்காது, அதனால் பின்னேரங்களில் எனக்குப் போன் அடிப்பாள். "அத்தை, 'கெதியா'ன்னா சீக்கிரமாவா?" என்று தொடங்கி, பிறகு வீடியோவில் சத்தம் விழுந்த இடமெல்லாம் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு நாள் தட்டச்சு செய்கிற சத்தம் நின்றது.

"அத்தை, டேப்ல அரை வரிதான் கேக்குது, நீங்க முழுசா சொல்றீங்க. நடிச்சவங்க கூட இவ்வளவு ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. இது நீங்க பேசுற மாதிரியே இருக்கு. நீங்க எழுதினதா?"

"ஓம் பிள்ளை."

"அவருக்குத் தெரியுமா?"

"கேட்டால் சொல்லுவன். நீர் சொல்லவேண்டாம். அவனாக் கேக்கட்டும்."

கணிதமும் பௌதிகமும் படித்த பிள்ளை, நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளை, வசனத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டாள். நீ சின்ன வயதில் இருந்து அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன், உனக்குக் காது கேட்கவில்லை. அது மட்டுமில்லை. நோட்டீஸை மேலிருந்து கீழாக நான் பார்த்தேன். ஒளியமைப்புக்கு ஒருவர் பெயர், ஒலிக்கு ஒருவர் பெயர், மண்டபம் ஒழுங்கு செய்தவருக்குக் கூட நன்றி. காயத்ரியின் பெயர் எங்கேயும் இல்லை. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் நடப்பது வேலை என்று உன் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நானும் அதை உனக்குப் பழக்கவில்லை போல. இன்றைக்காவது பழகிக்கொள். நாளைக்கு உனக்கு ஒரு மகள் பிறந்து, அவள் ஏதாவது எழுதினால், அவளிடமும் ஆதாரம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

உன் கட்டுரையில் ஒரு இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாடகத்தின் கடைசி வசனத்தைப் பற்றி ஒரு பந்தி முழுக்கப் புகழ்ந்திருக்கிறாய். கதவு திறக்கிறது, எல்லோரும் உள்ளே போகிறார்கள், அன்னம்மாக்கா மட்டும் வெளியே நிற்கிறாள். வாசல்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். "எனக்கு ஒண்டும் வேண்டாம். நாளைக்கும் கதவைக் கொஞ்சம் பிந்தித் திறவுங்கோ" என்கிறாள் கிழவி. திரை விழுகிறது. தனிமையைப் பற்றி நம் புலம்பெயர் மேடையில் இதைவிடச் சிறந்த வசனம் பேசப்படவில்லை, இது ஒன்றே போதும் மாஸ்டரின் மேதைமையைச் சொல்ல என்று எழுதியிருக்கிறாய்.

மகனே, மாஸ்டர் மேடையேற்றிய நாடகத்தில் அந்த வசனம் இல்லை. நான் அதை அப்போதே சொன்னேன், அவர் எழுதவில்லை. "சிரிச்சுக்கொண்டு வீட்ட போனால் சனம் மறந்துபோகும் தங்கச்சி, கடைசியில அழ வைக்கவேணும்" என்றார். வெளிநாட்டவர் அலுவலக வாசலில் புல்லாங்குழல் ஊத வைத்தார். கிழவி ஊரையும் பனங்கூடலையும் நினைத்து மார்பில் அடித்து அழுதாள். சனமும் அழுதது. எனக்கு அந்த அழுகை இன்றுவரை பிடிக்காது. அன்னம்மாக்கா அழுகிறவள் இல்லை. காயத்ரியிடம் இருந்த வீடியோ அந்தக் காட்சிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. "அத்தை, முடிவு இல்லையே" என்றாள். நான் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுகிற கத்தியை வைக்காமலே, மாஸ்டர் விட்டுப்போன என் முடிவைச் சொன்னேன். மாஸ்டர் போய்விட்டார். அவருடைய மேதைமை என்று நீ புகழ்ந்தது இந்தச் சித்திரையில் என் அடுப்படியில் இருந்து உன் வீட்டுக்குப் போனது.

ஆதாரம் கேட்டாய் அல்லவா? அன்னம்மாக்காவாகச் சேலை கட்டி நடித்த சிவம் அண்ணை இன்னும் இருக்கிறார். ஹம் ரயிலடியில் கடை வைத்திருக்கிறார், உனக்கு ஐஸ்கிரீம் தந்தவர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: நாடகம் எப்படி முடிந்தது? அழுதுதான் முடித்தேன் என்பார். மாஸ்டர் சொல்லித்தந்த மாதிரி அழுதும் காட்டுவார். அப்படியானால் இந்த வசனத்தைச் சொன்னது யார் என்று உன் மாணவர்களிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்.

நான் சொல்வது இவ்வளவுதான். நீ மாஸ்டரின் நாடகத்தைப் போட விரும்பினால் போடு. அந்தக் கடைசி வசனத்தை வெட்டிவிட்டுப் புல்லாங்குழலை ஊது, கிழவியை அழவிடு. அவருடைய பெயர் அதற்குப் பொருந்தும், நான் வாய் திறக்கமாட்டேன். அந்த வசனம் வேண்டுமென்றால் நோட்டீஸைத் திரும்ப அடி. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர், நெறியாள்கை என்ற இடத்தில் மாஸ்டர், பிரதியாக்கம் என்ற இடத்தில் காயத்ரி. மாஸ்டரின் பிள்ளைகளுக்கு நானே போய்ச் சொல்கிறேன். அவர்கள் என் கெல்லரில் வளர்ந்தவர்கள், உன்னைவிட அவர்களுக்கு நல்லாகக் காது கேட்கும்.

விளக்கை நீயே கொளுத்து. ஆம்பிளை கொளுத்தினால் எரியாது என்று யாரும் சொல்லவில்லை. நான் அன்று சமையலறைக்கும் வரமாட்டேன், மேடைக்கும் ஏறமாட்டேன். முன்வரிசையில் நடுவில் ஒரு கதிரை எனக்கு வை. கிழவி கடைசியாக வாய் திறக்கிற இடத்தில் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நாடகம் எழுதினவளுக்கு அன்று வேறு வேலை இல்லை.

அம்மா